காரணம் தெரியவில்லை

கட்டபெட்டுப் பக்கம் ஒரு பங்களா காலியாகி
ஒன்பது உருப்படி வந்திறங்கியது
கோத்தகிரி கிளை நூலகத்தில்.
ஆறு ஆப்பிள் பெட்டி, மூன்று கேரட் சாக்கு.
சாக்குகளில் இன்னும் மண் இருந்தது.
ஒரு தடித்த அகராதியின் முதுகில்
கேரட்டின் வேர்முடி ஒட்டிக் காய்ந்திருந்தது.

ஐப்பசி. மின்சாரம் விட்டு விட்டு.
பதிவேட்டில் எண் போடுவது என் வேலை.
தினக்கூலி. ஐந்தரைக்குக் கடைசி பஸ்.

கைக்கு வந்த வரிசையில் எழுதினேன்.
தேனீ வளர்ப்பு.
பின்னம் பிள்ளைகளுக்கு ஏன் பிடிபடுவதில்லை.
மாத நாவல்: அட்டையில் கத்தி,
கத்திக்கு மேல் ஒரு பெண்,
பெண்ணின் நெற்றியில் விலை.
வகுப்பறையில் யார் வாய் திறப்பதில்லை, முந்நூறு பக்கம்.
மாத நாவல். மாத நாவல்.
மலை ரயிலின் பல்சக்கரத்துக்கு எண்ணெய் போடும் முறை.
மூலத்துக்கு இயற்கை வைத்தியம்.
மறுபடி கத்தி.

எல்லாம் ஒரே ஆள் படித்தவைதாம்.
ஓரங்களில் ஒரே பச்சை மை.
ஆய்வு நூலில் ‘சான்று எங்கே?’ என்ற அதே கை
கொலைக்கதையிலும் கேட்டிருந்தது:
‘சமையல்காரனுக்குக் கையுறை ஏது?’
இன்னொன்றில் பன்னிரண்டாம் பக்கத்திலேயே
யாரோ பென்சிலில், ‘டாக்டர்தான் கொன்றது.’
அதன் கீழே பச்சையில்:
‘நாசமாய்ப் போக.’
தனியாகச் சிரித்தேன்.

மழைக்கு ஒதுங்கிய ஹாலன்
கத்தி அட்டை ஒன்றைப் புரட்டி,
‘கடைசிப் பக்கம் இருக்குதா பாரு’ என்றான்.
எண் போடாத புத்தகத்தை வெளியே விடக்கூடாது.
விட்டேன்.

முதல் சாக்கின் அடியில் நீல அட்டை.
தட்டச்சு. தோட்டத்துப் பிள்ளைகள்,
இடையில் நின்றவர்கள், அட்டவணை ஏழு.
பள்ளியின் பெயரை மறைத்திருந்தார்கள்;
வாசலில் மூன்று சில்வர் ஓக்,
ஒன்று இடி விழுந்து கருகியது என்பதை
மறைக்க மறந்திருந்தார்கள்.

மாணவி 14. எட்டாம் வகுப்பு.
செப்டம்பர் வரை வருகை தொண்ணூற்றொன்று சதவீதம்.
அக்டோபர், கோடு.
கணக்கில் முதல்.
காரணம்: தெரியவில்லை.
பக்கத்தில் பச்சை மை:
‘மறுபடி போய்க் கேட்க வேண்டும்.’

வந்தார். எனக்கு நினைவிருக்கிறது.
கொண்டையில் பேனா செருகி,
குடையை மடக்கத் தெரியாமல்
லயத்து வாசலில் நனைந்துகொண்டு.
பக்கத்து வீட்டுக்காரி உதட்டைப் பிதுக்கினாள்.
பத்தடி தள்ளி நான்,
தலையில் இலைச் சாக்கு.
‘நீ யாரும்மா’ என்று அவர் கேட்கவில்லை.
எனக்கும் வாய் வரவில்லை.

கத்தி ஒன்றும் இல்லை, டீச்சர்.
ஓடைப் பலகை அடித்துக்கொண்டு போனது.
புதுப் பலகை போட பத்தொன்பது நாள்.
அந்த வாரம் எடைக் கணக்குக்காரருக்குக் காய்ச்சல்.
அரைக் கிலோ, கால் கிலோ
மனசிலேயே கூட்டுவாள் இந்தப் பெண் என்று
தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.
மூன்று நாளைக்குத்தான் என்றார்கள்.
இழுத்துப் போகவில்லை யாரும்.
காதில் பென்சில் வைத்துக்கொண்டு
நானே குதித்துக்கொண்டு போனேன்.
அந்தச் சந்தோஷத்துக்கு
உங்கள் அட்டவணையில் கட்டம் கிடையாது.
பத்தாவதை இருபத்தாறு வயதில்
தனித்தேர்வில் எழுதினேன், அது வேறு கதை.

நூலில் கிறுக்கினால் அபராதம் ஐந்து ரூபாய்.
அந்தத் தாளைச் சுவரில் ஒட்டியவளே நான்தான்.
பென்சிலைக் கூராக்கி
கேள்விக்குக் கீழே எழுதினேன்:
பலகை. காய்ச்சல். பின்னம்.
இனி படிப்பவர் யாரோ,
முடிவைச் சொல்லிவிட்டாளே என்று
என்னைத் திட்டிக்கொள்ளட்டும்.

எனக்கு நானே ரசீது கிழித்தேன்.
ப. தவமலர், ரூபாய் ஐந்து.
வெளியே பஸ் ஹாரன் அடிக்கிறது.
இன்னும் இரண்டு சாக்கு.